கல்யாணக் கோப்பு மேல மடையூருக்குப் போன கதை

மடை இருப்பதனால் அது மடையூர். வேறு காரணம் சொல்லிச் சிரித்த வெளியூர்க்காரர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு அந்த ஊரில் யாரும் பெண் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் அவர்கள் சந்தேகம் முகூர்த்தம் முடிவதற்குள் தீர்ந்திருக்கும்.

ஊர் இரண்டாகக் கிடந்தது. குளத்துக்கு மேற்கே மேட்டில் மேல மடையூர். கரைக்குக் கீழே பள்ளத்தில் கீழ மடையூர். இரண்டிலும் 'மங்கள நாண் வீடியோஸ்' என்று ஒரே எழுத்தில் பலகை தொங்கியது. இரண்டுக்கும் உரிமையாளர் அம்பலவாணன். வானத்தைப் பார்த்து முறுக்கிவிட்ட மீசையும், எதையும் நன்கு யோசித்தே தவறாகச் செய்யும் நிதானமும் அவருக்கு உண்டு.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: தாலி ஏறிய வீடியோவில் கத்திரி படக் கூடாது. மற்ற ஊர் ஸ்டூடியோக்காரர்கள் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். "கல்யாணத்த வெட்டுதவன் வெளங்குவானா?" என்பார் அம்பலவாணன். பந்தக்கால் நடுவதில் தொடங்கி எச்சில் இலை எடுப்பது வரை ஒரே கோப்பு. கேமராவை அணைப்பதும் ஒரு வகை வெட்டுத்தான் என்று அவர் கருதியதால், அவர் வீடு திரும்பி வேட்டி மாற்றுவதும் அதில் இருக்கும். மடையூர்த் தம்பதிகள் அந்தக் கட்டத்துக்கு முன்பே தூங்கிவிடுவதால் இதுவரை புகார் வந்ததில்லை.

அவ்வளவு பெரிய கோப்பு எந்தப் பென் டிரைவிலும் அடங்காது. ஆகவே கடைக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகள் வாங்கி வைத்தார். விற்றவன் அவற்றை சர்வர் என்றான். "எங்க ஊரு ஓட்டல் சர்வர் மாதிரி கேட்டா கேட்ட நேரத்துல ஒண்ணும் கொண்டாராதுல்லா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்கினார்.

அந்த ஐப்பசியில் கீழ மடையூர்ப் பெட்டிக்குள் கிடந்தது அரிசி ஆலை தனுக்கோடியின் மகள் பூங்கோதையின் கல்யாணம்.

தனுக்கோடி தம் ஒரே மகள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் பந்தியில், அப்பளம் நமத்துப்போனது பற்றித் சமையல்காரத் தவசுப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் அவர் காதில் விழவில்லை. அவர் குரல் அதைவிடக் கெட்டி. மேடைக்கு ஓடி வந்தபோது மகளின் தலையில் ஒட்டியிருந்த அட்சதையை மட்டும்தான் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் கடைக்கு வந்து, குரல் உடைய நின்றார்.

"அம்பலவாணா, ஞாயித்துக்கிழம மகளும் மாப்பிள்ளையும் சென்னையில இருந்து வாராவ. அன்னைக்கு வாரேன். அந்த ஒரு நிமிசத்த மட்டும் காட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"காட்டிருதேன் அண்ணாச்சி."

"காட்டலன்னு வையும்..." குரல் சட்டென்று ஆலைக் குரலாயிற்று. "நெல்லோட நெல்லா உம்மயும் போட்டு அவிச்சிருவேன்."

அம்பலவாணன் தலையாட்டினார். ஆலையில் நெல் அவிக்கும் அண்டாவின் ஆழம் அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. பொதுப்பணித்துறை ஆள் ஒருவர் குடைக்குள் ஒலிபெருக்கியோடு தெருவில் போனார். குளம் நிறைந்துவிட்டதாம், கரை உடைந்தாலும் உடையலாமாம். அவர் தெருமுனை திரும்புவதற்குள் சென்னையிலிருந்து பூங்கோதை கூப்பிட்டாள். அவளுக்கு அங்கே ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆதலால் பயப்படத் தெரியும்.

"அண்ணாச்சி, எங்க கல்யாண ஃபைலுக்குக் காப்பி இருக்கா?"

"காப்பி இப்பதான் குடிச்சோம் தாயி."

"ஐயோ, இன்னொண்ணு இருக்கான்னு கேக்கேன்!"

"கல்யாணம் ஒண்ணுதான நடந்துச்சு?"

மறுமுனையில் மூச்சு ஒன்று நீளமாக வெளியேறியது. "கரை ஒடஞ்சா உங்க கடதான் மொதல்ல முங்கும். அதனால அந்த சர்வரை மேல மடையூர் சர்வருக்கு உடனே மிரர் பண்ணுங்க. இதுல என்ன இருக்கோ அதே அதுலயும் அச்சு அசலா இருக்கணும். அப்பா பாவம் அண்ணாச்சி. ஒரே ஃபைலை நம்பி இருக்காரு."

போனை வைத்துவிட்டு அம்பலவாணன் தம் ஆட்களைக் கூட்டினார். கேமரா பிடிக்கும் தளவாய். வீடியோவை வெட்டக் கூடாது என்பதால் சும்மாவே உட்கார்ந்திருக்கும் எடிட்டர் மரகதம். மூன்றாவது ஆளான ஆவுடையப்பன் மேல மடையூர்க் கடையில் இருந்தான்.

"மிரர்னா கண்ணாடி," என்றாள் மரகதம். கல்லூரி வாசல் வரை போனவள் அவள். அவள் அண்ணன் அங்கே டீக்கடை வைத்திருந்தான்.

"கண்ணாடில அப்பிடியே அச்சு அசலா விழும்லா," என்றார் தளவாய். "பிள்ள வெவரமாத்தான் சொல்லுது."

பக்கத்து சலூனிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தார்கள். பாதி சவரத்தில் இருந்த ஒருவர், தம் மறுபாதி முகம் எங்கே போகிறது என்று தெரியாமல் வாசல் வரை பின்னால் வந்தார். கண்ணாடியைப் பெட்டிக்கு எதிரே நிறுத்தினார்கள். உள்ளே இன்னொரு பெட்டி தெரிந்தது. விளக்குகூட அதேபோல் மினுங்கியது.

அம்பலவாணனுக்கு மெய்சிலிர்த்தது. படித்த பிள்ளையின் மூளையே மூளை.

"ஏத்தியாச்சு. இப்ப இத மேல கொண்டு போவணும்," என்றார். "வழியில கண்டதும் உள்ள விழுந்துராம மூடிக் கொண்டு போங்க."

போர்வையைப் போட்டு இறுக்கிக் கட்டி, தளவாய் அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஒரு பசுமாடு எட்டிப் பார்த்தபோது போர்வையின் மேல் தம் உடம்பையே சாத்தி மறைத்தார். ஐந்தறிவு படைத்தது கல்யாண வீடியோவில் விழுந்துவிட்டால் தனுக்கோடிக்கு யார் பதில் சொல்வது?

சற்று நேரத்தில் ஆவுடையப்பன் போனில் அலறினான்.

"அண்ணாச்சி, போர்வைய எடுத்துட்டேன். பெட்டியக் காணும். உள்ள நாந்தான் இருக்கேன்!"

"நீ எப்பிடிவே அதுக்குள்ள போன?"

"தெரியல அண்ணாச்சி. பின்னால தளவாய் அண்ணனும் நிக்காவ."

அம்பலவாணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கோப்பு வழியிலேயே கெட்டுவிட்டது. பெட்டியை அனுப்பினால் ஆவுடையப்பன் போய்ச் சேர்கிறான். ஆட்டோ குலுங்கியதில் மாறியிருக்க வேண்டும். பூங்கோதையைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஒளிக்கிற அளவுக்கு அவருக்கு அது தவறாகத் தோன்றவில்லை.

அவள் மழலைக்குச் சோறூட்டுகிற குரலில் தொடங்கினாள்.

"இங்கிலீஷ்ல சொன்னது என் தப்பு அண்ணாச்சி. சுத்தத் தமிழ்ல சொல்லுதேன். அந்தப் பெரிய கோப்பை அப்படியே அனுப்பாதீங்க. துண்டு துண்டா அனுப்புங்க. ஒவ்வொரு துண்டும் போய்ச் சேர்ந்ததும் அங்க இருந்து 'வந்துட்டு'ன்னு பதில் வரணும். பதில் வரலன்னா அதே துண்டை மறுபடியும் அனுப்பணும். எல்லாம் போனதும் ரெண்டு பக்கமும் கூட்டிப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போனா வேலை முடிஞ்சுது. சரியா?"

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா தாயி!"

தமிழ் எவ்வளவு தெளிவான மொழி என்று அம்பலவாணன் பெருமைப்பட்டார். போனை வைத்ததும் அண்ணாந்து பார்த்தார். பெட்டிக்கு மேலே அலமாரியில் நின்றது பெரிய கோப்பை. வட்டாரப் புகைப்படக் கலைஞர் சங்கம் 'மிக நீளமான படைப்பு' என்று கொடுத்த பித்தளைக் கோப்பை.

"இத அனுப்பக் கூடாதாம்," என்றார்.

"ஏன்?"

"காரணம் சொல்லல. அப்பிடியே அனுப்பாதீங்கன்னுச்சு. துண்டு துண்டா அனுப்பணுமாம்."

மரகதத்தின் முகம் வெளுத்தது. "கோப்பைய உடைக்கவா?"

"கல்யாணத்தையே வெட்டாதவன் நான். கோப்பைய உடைப்பனா? நல்லாக் கேளு. கோப்பை அனுப்பாதீங்க. துண்டு, துண்டா அனுப்புங்க. துண்டுதான் போவணும்."

அதற்குள் தளவாயும் திரும்பியிருந்தார். மூவரும் பரணைப் பார்த்தார்கள். கல்யாண வீடுகளில் மரியாதைக்குப் போர்த்திய துண்டுகள் அங்கே மலைபோல் கிடந்தன. மேலே போய்விட்ட போர்வை தவிர, கடையில் துடைக்க, மூட, போர்த்த என்று இருந்ததெல்லாம் அவைதாம். இத்தனை நாள் எதற்கு இவை சேர்ந்தன என்று அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது.

தளவாய் சைக்கிளை எடுத்தார். ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் மேடேறினார். ஆவுடையப்பன் வாங்கிக்கொண்டு, "வந்துட்டு," என்றான். தளவாய் இறங்கி வந்து, "வந்துட்டு," என்றார். அடுத்த துண்டோடு மறுபடி ஏறினார்.

"அந்தப் பய போன்ல சொன்னாப் போதாதா?" என்று மரகதம் கேட்டாள்.

"அங்க இருந்து வரணும்னுல்லா சொல்லிச்சு? போன் எங்க இருந்து வருது? போன் இங்கதான் இருக்கு. சத்தம்தான் அங்க இருந்து வருது," என்றார் அம்பலவாணன்.

மரகதம் அடுத்த துண்டை உதறி எடுத்து வைத்தாள்.

ஒரு பூப்போட்ட துண்டு போன பிறகு தளவாய் நெடுநேரம் வரவில்லை. சைக்கிள் செயின் கழன்றிருந்தது. ஒருவழியாகத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அம்பலவாணன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பதில் நேரத்துக்கு வரல. அதே துண்ட மறுபடியும் அனுப்பணும்."

"அது அங்கன போயிட்டு அண்ணாச்சி. ஆவுடை மடிச்சே வச்சிட்டான்."

"அதே துண்டுன்னு சொன்னா அதே துண்டுதான். போயி அத வாங்கிட்டு வாரும். அனுப்புவோம்."

தளவாய் போய் அந்தத் துண்டைத் திரும்ப வாங்கி வந்தார். அம்பலவாணன் அதைக் கையில் வாங்கி, பார்த்து, மறுபடி கொடுத்தனுப்பினார். முறை என்று ஒன்று இருந்தால் அதற்கு மரியாதை உண்டு அல்லவா?

சனிக்கிழமை நண்பகலில் பரண் காலியாயிற்று. இனிக் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. இங்கே மரகதம் விளக்குமாற்றை எடுத்தாள். அங்கே ஆவுடையப்பன் எடுத்தான். கடை திறந்த நாள் முதல் கூட்டாத மூலைகளையெல்லாம் கூட்டினார்கள். கூட்டியதைக் குவித்துவைத்து, ஒத்துப்போகிறதா என்று போனில் பேசிக்கொண்டார்கள்.

"எங்கிட்ட பீடித்துண்டு, சில்லறத் தூசி, ஒரு ஊக்கு," என்றாள் மரகதம்.

"அதெல்லாம் இங்கயும் இருக்கு. கூட ஒரு செத்த கரப்பான் இருக்கு."

"இங்க இல்லயே."

கூட்டியதைப் பார்க்கச் சொன்ன பிள்ளை சும்மாவா சொல்லியிருக்கும்? ஒரு கரப்பான் வித்தியாசம் என்றால் கல்யாணத்தில் எது குறைகிறதோ யார் கண்டது? தாலியாகவே இருந்தால்? அம்பலவாணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் நுழைந்து, ஒன்றைத் துரத்திப் பிடித்தார். அது உயிரோடு இருந்தது. ஒத்துப்போகும்படி செய்தார்.

அப்போதுதான் தெருவில் மறுபடி ஒலிபெருக்கி கேட்டது. கரையில் கசிவு, மேடான இடத்துக்குப் போகவும். பூங்கோதையும் அதே நேரத்தில் கூப்பிட்டாள். குரலில் பதற்றம்.

"போய்ட்டா அண்ணாச்சி?"

"எல்லாம் போயிட்டு தாயி. ஒரு துண்டு பாக்கி இல்ல. ரெண்டு பக்கமும் கூட்டியாச்சு. ஒத்துப்போவுது."

அவள் சற்றே நிம்மதி அடைந்தாள். நிம்மதி அடைந்தாலும் அவள் தொழில்காரி. "எதுக்கும் இருக்கட்டும். அந்தப் பெட்டியவும் கழட்டி மேல கொண்டு போயிருங்க," என்று சொல்லி, பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

மூவரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"மேலன்னா மேல மடையூரா?" என்றார் தளவாய். அவருடைய முழங்கால்களுக்கு அதில் அக்கறை இருந்தது.

"மேல மடையூர்னா மேல மடையூர்னுல்லா சொல்லியிருக்கும்? படிச்ச பிள்ள ஊர்ப் பேர்ல பாதிய முழுங்குமா?" என்றாள் மரகதம்.

"மேலன்னா மேலதான்," என்று முடிவு சொன்னார் அம்பலவாணன். கீழே வெள்ளம் வந்தால் பெட்டிக்கு மொட்டை மாடியைவிடப் பத்திரம் ஏது?

கொட்டுகிற மழையில் ஏணி வைத்து, பெட்டியை மாடியின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். நனையுமே என்று மரகதம்தான் முதலில் கவலைப்பட்டாள். மூட ஏதாவது கிடைக்குமா என்று கடை முழுவதும் தேடினார்கள். ஒரு துண்டுகூட இல்லை. எல்லாம் மேல மடையூரில், மடித்து, பத்திரமாக இருந்தது.

கரை உடையவில்லை. கசிவை அடைத்து, மடையைத் திறந்து, தண்ணீரை ஆற்றுக்கு விட்டுவிட்டார்கள். ஞாயிறு காலை வெயில் அடித்தது. கீழ மடையூர்க் கடைக்குள் ஒரு சொட்டு நீர் வரவில்லை. தரை முகம் பார்க்கிற மாதிரி சுத்தமாக இருந்தது. மாடியிலிருந்து இறக்கிய பெட்டியைச் சாய்த்தபோது, அதிலிருந்து அரைக் குடம் தண்ணீரும் ஒரு தவளையும் வந்தன. பூங்கோதையின் கல்யாணம் வரவில்லை.

மாலையில் தனுக்கோடி வெள்ளை வேட்டி சட்டையில், விபூதி பூசி, தாமே கல்யாணத்துக்கு வந்தவர் போல வந்து முன் நாற்காலியில் அமர்ந்தார். பின்னால் பூங்கோதையும் அவள் கணவன் இளவேனிலும். அவள் மேல மடையூர்க் கடைக்குப் போய்த் துண்டு மலையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவள் முகத்தில் கோபம் போன இடத்தில் ஒருவிதத் துறவு இருந்தது.

அம்பலவாணன் உண்மையைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அண்டாவை நினைத்தார்.

தனுக்கோடி கத்தவில்லை. அது அதைவிடப் பயங்கரமாக இருந்தது. வெறும் திரையைப் பார்த்தபடியே, "ஒரு நிமிசம்தான கேட்டேன்," என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்து விபூதியில் கோடு போட்டது.

மரகதம் முன்னால் வந்தாள்.

"ஆலை அண்ணாச்சி பாக்கலங்கதுதான குற? மறுபடியும் கட்டச் சொல்லுங்க, பாக்கட்டும்."

இளவேனில் திடுக்கிட்டான். அம்பலவாணனுக்கோ இதில் ஒரு நுட்பமான சிக்கல் தென்பட்டது. "கட்டலாம். ஆனா மாப்பிள்ள அதே மாப்பிள்ளயா இருக்கணுமா?"

"மாத்தலாம்னா முன்னாலயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி," என்றாள் பூங்கோதை. இளவேனில் அவளைப் பார்த்தான். அவள் விட்டத்தைப் பார்த்தாள்.

தகவல் கேட்டு வந்த புரோகிதர், "இது ராகு காலம், ஆகாது," என்று ஆட்சேபித்தார்.

"போன தடவ நல்ல நேரத்துலதான கட்டினோம்? என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்லா?" என்றாள் பூங்கோதை. புரோகிதர் மாலையை எடுத்துக் கொடுத்தார்.

ஸ்டூடியோவுக்குள்ளேயே, பனிமலை வரைந்த திரைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். தவசுப்பிள்ளை யாரும் அழைக்கப்படவில்லை. தளவாய் கேமராவைத் தோளில் ஏற்றினார். தனுக்கோடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் முழங்கை இடிக்கிற தூரத்தில் அமர்ந்தார். புதிய மஞ்சள் கயிறு பழையதன் மேல் ஏறியது. மூன்று முடிச்சும் விழும்வரை அவர் இமைக்கவில்லை. பிறகு சிறுபிள்ளை போல விக்கி விக்கி அழுதார். பூங்கோதையும் அழுதாள். நிரம்பப் படித்தவள் என்பதால் அதை ஜலதோஷம் என்றாள்.

அழுது ஓய்ந்ததும் தனுக்கோடி அம்பலவாணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "குளுந்துபோச்சுவே மனசு. தூத்துக்குடில எங்க அக்காவும் இதப் பாக்கல. வீடியோவ எப்பத் தருவீரு?"

அம்பலவாணன் மீசையை நீவிவிட்டார். புரோகிதர் வருவதற்குள் அவரும் ஆட்களும் கூடி விவாதித்து எடுத்த முடிவைச் சொல்லும் நேரம் வந்திருந்தது.

"இந்தத் தடவ ஒரு கவலயும் இல்ல அண்ணாச்சி. முங்காது, நனையாது, வழியில மாறாது. அழியவே அழியாது."

பூங்கோதை மாலையோடு எழுந்தாள். "எப்படி அண்ணாச்சி?"

"எடுத்தாத்தான தாயி அழியும்? கேமராவ நாங்க ஆன் பண்ணவே இல்லயே!"

தளவாய் தோளிலிருந்து கேமராவை இறக்கினார். மூடி, மூடியபடி இருந்தது.

"நீ சொன்னாப்லயே," அம்பலவாணன் தொடர்ந்தார், "இந்தப் பெட்டிலயும் ஒண்ணும் இல்ல, மேல மடையூர்ப் பெட்டிலயும் ஒண்ணும் இல்ல. மயிரிழ வித்தியாசம் கெடையாது. நீயே பாத்துக்கோ."

தொழில் முறைப்படி அதில் ஒரு பிழையும் பூங்கோதையால் காட்ட முடியவில்லை.

மரகதத்துக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. "அண்ணாச்சி, எதுக்கும் இருக்கட்டும். மூணாவதா ஒரு சர்வர் வாங்கிருவமா?"

"வாங்கத்தான் வேணும்," என்றார் அம்பலவாணன் கவலையோடு. "இம்புட்டுப் பெரிய ஒண்ணுமில்லாதத ரெண்டு எடத்துல மட்டும் வச்சா பத்தாதுல்லா?"